தேரிநிலத்து இல்லம்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், மன்னார் வளைகுடாவை ஒட்டிய நிலப்பகுதியில், செந்நிற மணல்மேடுகள் பரந்து கிடக்கின்றன. அவ்வட்டாரத்து மக்கள் அவற்றைத் தேரி என்பர். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசத் தொடங்கினால் மணல் எழுந்து பறக்கும். நேற்று வழியாக இருந்தது இன்று மேடாகும். வேலியோரம் நட்ட கன்று கழுத்துவரை புதைந்து நிற்கும். நெல்லுக்கு அங்கு இடமில்லை. மண்ணுள் ஆழச் சென்று ஈரத்தைத் தேடிக்கொள்ளும் பனையே அந்நிலத்துக்கு இசைந்த மரம். கடலிலிருந்து சில கல் தொலைவில், இத்தேரிகளுக்கு அருகே அமைந்த சிற்றூர் இடையன்குடி. 1841ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் அவ்வூருக்கு வந்து சேர்ந்தார். அவரே இராபர்ட் கால்டுவெல்.

தமிழ் பயில்வோர்க்குக் கால்டுவெல் ஒப்பிலக்கண ஆசிரியராகவே அறிமுகமானவர். அந்நூலுக்குக் கருவான வீடு எத்தகையது, அங்கே பொழுது எவ்வாறு விடிந்தது, அவ்வீட்டின் பாதிப் பொறுப்பைச் சுமந்தவர் யார் என்பவை அத்துணை பரவலாகப் பேசப்படுவதில்லை. பெரும்புகழ் பெற்ற நூலின் நிழலில் ஒரு சிற்றூரும் ஒரு பெண்மணியும் மறைந்து நிற்கின்றனர்.

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்து நாட்டினர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றபோது கிரேக்க மொழியும், மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் முறையும் அவர் மனத்தைக் கவர்ந்தன. இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் கப்பலேறி 1838ஆம் ஆண்டு சனவரியில் சென்னையை அடைந்தார். அப்பயணத்தில் உடன் வந்தவருள் ஒருவர் தெலுங்கறிஞர் சி. பி. பிரவுன். கரையைக் காணும் முன்பே தென்னிந்திய மொழிகளைப் பற்றி உரையாடும் வாய்ப்பு அவ்விளைஞருக்குக் கிடைத்தது. சென்னையில் மூன்றாண்டுகள் தங்கித் தமிழ் கற்றார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த துரு என்னும் பாதிரியாரின் நட்பும் அங்கே வாய்த்தது. பின்னர் நற்செய்தி பரப்பும் மற்றொரு சங்கமாகிய எஸ்.பி.ஜி.யில் சேர்ந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வண்டியிலோ பல்லக்கிலோ செல்லாமல், வழியெல்லாம் மக்களின் பேச்சையும் பழக்கங்களையும் அறிய விரும்பி நடந்தே சென்றார். தரங்கம்பாடி, கும்பகோணம், நீலகிரி, மதுரை என நீண்ட அப்பாதை இடையன்குடியில் முடிந்தது.

அவர் கண்ட இடையன்குடி ஒழுங்கற்ற குடிசைகளின் தொகுதியாக இருந்தது. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்ற ஓலைக்கூரைகள். இடையே ஆள் புகும் அளவே சந்துகள். பனையோலை வேய்ந்த ஊரில் ஒரு கூரையில் பற்றிய தீ ஊரையே உண்டுவிடும். கால்டுவெல் நிலம் வாங்கினார். நேரான தெருக்களை அளந்து வகுத்தார், கிணறுகள் தோண்டுவித்தார், தெருவோரம் மரங்களை நட்டார். மணலில் மரம் நடுவது எளிய செயலன்று. நட்ட கன்றுக்கு நாளும் நீர் சுமக்க வேண்டும். காற்றுக்கும் ஆட்டுக்கும் தப்பவைக்க வேண்டும். இன்றும் அவ்வூருக்குச் செல்வோர், அகன்று நேராக ஓடும் தெருக்களைக் காணலாம்.

1844ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாகர்கோவிலில் கால்டுவெல்லுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் எலைசா, அங்கே நெடுங்காலம் தொண்டாற்றிய மால்ட் இணையரின் மகள். எலைசாவின் தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியதோடு, அவர்களுக்கு நூற்பின்னல் கலையையும் கற்றுக்கொடுத்தவர். தென்திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட பெண்கள் தம் கையால் பொருளீட்ட அக்கலை வழிவகுத்தது. அத்தகைய இல்லத்தில் வளர்ந்த எலைசாவுக்குத் தமிழ், நூலில் கற்ற மொழியன்று. முற்றத்திலும் அடுக்களையிலும் கேட்டு வளர்ந்த மொழி. இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் அறிந்த கணவர், தமிழின் பேச்சு வழக்கு நுட்பங்களில் மனைவியை நம்பி நிற்க வேண்டியிருந்தது. ஊர்ப்பெண்கள் கால்டுவெல்லிடம் சொல்லத் தயங்கியவற்றை எலைசாவிடம் தயங்காது கூறினர். மொழியறிவு ஒன்றே அதற்குக் காரணம் என்று கருதிவிட இயலாது. எனினும் அம்மொழியறிவு இன்றி அது நிகழ்ந்திருக்காது.

இடையன்குடியில் பொழுது பனையோடு புலர்ந்தது. மாசி பிறந்தது முதல் ஆடி வரை பனையேறும் பருவம். விடிவெள்ளி மறையும் முன்பே ஆண்கள் காலில் தளைநார் பூட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டி கட்டிப் புறப்படுவர். ஒருவர் முப்பது, நாற்பது மரங்கள் ஏறுவார். காலையில் ஏறிய மரத்தில் மாலையிலும் ஏறியாக வேண்டும். பாளையைச் சீவாவிட்டால் அதன் வாய் அடைத்துக்கொள்ளும். மறுநாள் சொட்டுப் பதநீரும் கிடைக்காது. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சேர்ந்த பதநீரைப் பெண்கள் சுமந்துவந்து, விடிலி எனப்படும் ஓலைக்குடிலில் அடுப்பேற்றிக் காய்ச்சுவர். கூப்பதமாகத் திரண்டதும் சிரட்டைகளில் ஊற்றுவர். ஆறியதும் அது கருப்பட்டியாகும். விறகு பொறுக்குவது சிறுமியரின் வேலை. இவ்வாறு ஒரு வீட்டில் உள்ள அனைவரின் கைகளும் ஒரு மரத்தைச் சுற்றியே இயங்கின. அம்மரமோ பெரும்பாலும் ஏறுபவருக்கு உரியதாக இருப்பதில்லை. நிலமும் மரமும் பிறர்க்கு உரியவை. உயிரைப் பணயம் வைத்து ஏறும் கால்கள் மட்டுமே அவருடையவை.

மிஷன் வீட்டின் நாளும் இக்கால ஒழுங்குக்கு ஏற்பவே அமைய வேண்டியிருந்தது. காலை வழிபாட்டுக்கான மணி ஒலிக்கும்போது ஆண்கள் மரத்தின் உச்சியில் இருப்பர். ஆகவே பருவ காலத்தில் காலையில் பெண்களும் முதியோரும் சிறுவரும் கூடுவர்; ஆண்கள் இரவு கவிந்தபின், உடல் களைத்து, கைகளில் சுண்ணாம்பு வாடை மாறாமல் வந்தமர்வர். களைத்த உடலுக்கு நெடிய உரை பொறுக்காது. பழகிய சொற்களால், பழகிய உவமைகளால், சுருங்கப் பேசும் திறத்தை இடையன்குடி கால்டுவெல்லுக்குக் கற்பித்தது. பல்கலைக்கழகம் கற்பிக்காத பாடம் அது.

காலை வழிபாட்டுக்குப்பின் பள்ளி. ஆண்பிள்ளைகளின் பள்ளி கால்டுவெல்லின் பார்வையிலும், பெண்பிள்ளைகளின் விடுதிப்பள்ளி எலைசாவின் பொறுப்பிலும் நடந்தன. பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது அக்குடும்பங்களுக்குச் சிறு இழப்பன்று. விறகு பொறுக்கவும், தம்பி தங்கையரைத் தூக்கிச் சுமக்கவும், பதநீர்ப் பானையைக் காத்திருக்கவும் இருந்த கை ஒன்று வீட்டைவிட்டுப் போகிறது. எழுத்தறிந்த பெண்ணை மணக்க யார் வருவார் என்னும் அச்சமும் இருந்தது. கல்வியின் பெருமையைச் சொல்லிப் பெற்றோரை இசைவிக்க இயலாது என்பதை எலைசா விரைவில் உணர்ந்திருக்க வேண்டும். பள்ளிக்குள்ளேயே அவர் தாயின் நூற்பின்னற் கலையைக் கொண்டுவந்தார்.

அக்கலை பொறுமையைக் கேட்பது. உருண்ட திண்டொன்றின் மீது வடிவம் வரைந்த தாளை விரித்து, கோட்டின் மீது குண்டூசிகளை வரிசையாகக் குத்துவர். மெல்லிய நூல் சுற்றிய சிறு கட்டைகள் பல அதிலிருந்து தொங்கும். அவற்றை இரண்டிரண்டாகக் கையில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி, முறுக்கி, ஊசிகளைச் சுற்றிவரச் செய்தால் பூவும் இலையும் கொடியும் நூலிலேயே உருப்பெறும். ஒரு கட்டை இடம் தவறினால் பின்னியதைப் பிரித்து மீண்டும் தொடங்க வேண்டும். நெடுநேரம் உழைத்தாலும் விரலளவே வளரும். ஆயினும் அதற்கு விலை உண்டு. பனையேறும் பருவம் முடிந்து வருவாய் வற்றும் மாதங்களிலும் பெண்ணின் கையில் காசு புழங்கியது. அக்காசு, அவளைப் பற்றி வீட்டில் பேசும் தொனியை மாற்றியது. இடையன்குடிப் பின்னல் வேலை கடல் கடந்தும் சென்றது. செய்தவர் பெயர் அதில் இல்லை. ஐரோப்பிய நங்கையரின் உடையோரத்தில் தைக்கப்பட்ட அப்பூக்களை, எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பனைத்தொழிலாளியின் மகள் பின்னினாள் என்பதை அணிந்தவர் அறிந்திருக்க மாட்டார்.

நண்பகல் வெயிலில் மணல் காலைப் பொசுக்கும். அப்பொழுது கால்டுவெல் மேசையின் முன் அமர்ந்திருப்பார். உபதேசியார்கள் கொண்டுவரும் ஊர்க்கணக்குகள், சங்கத்துக்கு எழுத வேண்டிய அறிக்கைகள், வழக்கோடு வருவோரின் முறையீடுகள் ஆகியவற்றுக்கு இடையே மொழியாராய்ச்சிக்கு அவர் நேரம் தேடிக்கொண்டார். குறிப்புகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தன. தமிழில் மூன்று என்பது மலையாளத்தில் மூன்னு, கன்னடத்தில் மூறு, தெலுங்கில் மூடு. தமிழின் கண் கன்னடத்தில் கண்ணு, தெலுங்கில் கன்னு. எண்ணுப்பெயர்களும் மூவிடப்பெயர்களும் உறுப்புப்பெயர்களும் எளிதில் இரவல் வாங்கப்படுபவை அல்ல. அவை ஒத்திருக்குமாயின் மொழிகளுக்கு இடையே உறவு இருத்தல் வேண்டும். புலவர் ஏட்டில் உள்ள சொல்லை மட்டுமன்றி, விடிலியில் நிற்கும் பெண் மூணு என்று சொல்வதையும் அவர் சான்றாகக் கொண்டார். செந்தமிழ் அறிஞர் பலர் இழிவழக்கென ஒதுக்கிய பேச்சு, அவருடைய மேசையில் மொழி வரலாற்றின் தடயமாயிற்று.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்துச் செல்வது முறையன்று. 1849ஆம் ஆண்டு, பனைத்தொழில் செய்த மக்களைப் பற்றிக் கால்டுவெல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் உள்ளோர்க்கு மிஷன் பணியின் தன்மையை உணர்த்துவது அதன் நோக்கம். ஆனால் தம்மை வரவேற்று வாழவைத்த அம்மக்களின் அறிவையும் மரபையும் தாழ்வாகக் காட்டும் கருத்துகள் அதில் இடம்பெற்றன. அன்று அதைப் படிக்கத் தக்க நிலையில் அம்மக்களுள் மிகச் சிலரே இருந்தனர். அடுத்த தலைமுறையில் நிலை மாறியது. மிஷன் பள்ளிகளிலேயே ஆங்கிலம் கற்ற இளைஞர் அந்நூலைப் படித்தனர், கொதித்தெழுந்தனர், மறுப்பு நூல்கள் எழுதினர், மனுக்கள் அனுப்பினர். அவ்வெதிர்ப்பு பல்லாண்டுகள் நீடித்தது. இறுதியில் அந்நூலின் புழக்கம் நிறுத்தப்பட்டது. கல்வி கொடுத்தவரையே கேள்வி கேட்கும் துணிவை அக்கல்வி கொடுத்தது என்பது கால்டுவெல்லுக்கு வேதனையாக இருந்திருக்கலாம். அவருடைய பள்ளிகளுக்கு அதைவிடச் சிறந்த சான்றும் இல்லை. ஒரு மக்களோடு நெடுங்காலம் வாழ்வதும் அம்மக்களைச் சரியாக அறிவதும் ஒன்றல்ல. வந்து எட்டாண்டுகளே ஆன ஒருவரின் அவசர முடிவுகள், அவர் பின்னர் அங்கே வாழ்ந்த ஆண்டுகள் முழுவதும் அவரைத் தொடர்ந்தன.

உடல்நலக் குறைவால் 1854ஆம் ஆண்டு கால்டுவெல் குடும்பத்தோடு தாயகம் சென்றார். பன்னிரண்டு ஆண்டுகள் சேர்த்த குறிப்புகள் அங்கே நூலாயின. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல. தமக்கென வேரும் இலக்கண அமைப்பும் கொண்ட தனிக்குடும்பம் என்பதை அந்நூல் விரிவான சான்றுகளோடு நிறுவியது. இக்கருத்தைச் சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் 1816ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. எல்லிஸ் திறந்த வாயிலில் நுழைந்து வீடு முழுவதையும் கட்டி முடித்தவர் கால்டுவெல். சங்க நூல்கள் பல அச்சேறாத காலமாதலால் தமிழிலக்கியத்தின் தொன்மையைக் கணிப்பதில் அவர் தவறினார். கலித்தொகை அச்சானது 1887ஆம் ஆண்டு. புறநானூறு அச்சானபோது அவர் உயிரோடு இல்லை.

புகழ் வந்தபின் கல்லூரிப் பதவியோ நகர வாழ்க்கையோ தேடிச் செல்லாமல் அவ்விணையர் மீண்டும் தேரிக்கே திரும்பினர். கிறித்தவத் திருமறையின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தும் குழுவில் கால்டுவெல் உறுப்பினரானார். 1858ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்த அப்பணிக்காக அவர் அவ்வப்போது பாளையங்கோட்டைக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்காகக் குழுவினர் நெடுநேரம் வாதிடுவர்: புலவர்க்கும் உவப்பாக இருக்க வேண்டும், பனையேறும் தொழிலாளிக்கும் விளங்க வேண்டும். அவர் இல்லாத நாள்களில் இடையன்குடி வீடு மூடிக்கிடக்கவில்லை. பள்ளி, விடுதி, பின்னல் வேலை, வாயிலில் வந்து நிற்கும் பெண்களின் குறைகள் அனைத்தும் எலைசாவைச் சார்ந்தன. தம் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே விடுதிப் பிள்ளைகளையும் அவர் பேணினார்.

ஊரில் மற்றொரு வேலையும் நெடுங்காலமாக நடந்துகொண்டிருந்தது. அது 1847ஆம் ஆண்டு தொடங்கிய ஆலயக் கட்டுமானம். பணம் சேரும்போது சுவர் உயரும், தீரும்போது நிற்கும். மணல் நாட்டில் கல் கொண்டுவருவதே பெரும்பாடு. சுண்ணாம்பு சுட வேண்டும், கொத்தர் கிடைக்க வேண்டும், வண்டிமாடுகள் மணலில் சக்கரம் புதையாமல் இழுக்க வேண்டும். அடித்தளம் இட்டபோது குழந்தையாக இருந்தவர்கள் கூரை ஏறியபோது பெற்றோராகிவிட்டனர். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1880ஆம் ஆண்டிலேதான் அவ்வாலயம் திறக்கப்பட்டது.

அதற்கு முன்னர் ஒரு பேரிடர் வந்தது. 1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தமிழகம் இன்றும் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரும் அக்கொடுமை சென்னை மாகாணம் முழுவதையும் வாட்டியது. கிணறுகள் வறண்டன. கருப்பட்டியை விற்றுத் தானியம் வாங்கிப் பழகிய ஊரில், விற்பனைக்குத் தானியம் இல்லாதபோது கருப்பட்டிக்கு என்ன மதிப்பு? பஞ்சத்தின் நடுவே, 1877ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கால்டுவெல் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் வயது அறுபத்து மூன்றை நெருங்கியிருந்தது. ஓய்வை எண்ணும் வயதில் ஊர் ஊராகச் சென்று நிவாரணப் பணத்தைப் பங்கிடும் பொறுப்பு வந்து சேர்ந்தது. இங்கிலாந்து மக்கள் திரட்டி அனுப்பிய நிதியும் அரசின் உதவியும் அவர் போன்றோர் வழியே ஊர்களை அடைந்தன. யாருக்குக் கொடுப்பது, யாரை நாளை வரச் சொல்வது என்னும் கேள்வி நாள்தோறும் எழுந்தது. நாளை வரச் சொன்னவர் நாளை உயிரோடு இருப்பாரா என்பது தெரியாது. அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையில் சேர்ந்தனர். பசியே அவர்களை அழைத்து வந்தது என்று ஐயுற்றோர் அன்றும் இருந்தனர். அவ்வையம் முற்றிலும் பொருளற்றதன்று. பசித்தவனின் மனத்தில் நன்றி எங்கே முடிகிறது, நம்பிக்கை எங்கே தொடங்குகிறது என்பதை வெளியில் நிற்பவர் அளந்து கூறுவதும் எளிதன்று.

முதுமையிலும் கால்டுவெல்லின் ஆர்வம் ஒரே திசையில் நிற்கவில்லை. பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கைக்குச் சென்றார். கடல் பின்வாங்கி, ஆற்று வண்டல் மூடிய அவ்வூரில் அகழ்ந்து பார்த்தார். முதுமக்கள் தாழிகளை ஆராய்ந்தார். மார்க்கோ போலோ கண்ட காயல் எது என்பதையும் ஆய்ந்து எழுதினார். ஒப்பிலக்கணத்தை மீண்டும் திருத்தி, பன்னிரண்டு மொழிகளை ஆராயும் விரிந்த பதிப்பாக 1875ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். 1881ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல் வரலாற்றை எழுதி முடித்தார். ஏட்டுச் சான்றோடு கல்லையும் காசையும் மண்ணையும் சான்றாகக் கொண்ட அந்நூல், வட்டார வரலாறு எழுதுவோர்க்கு முன்னோடியாயிற்று.

எலைசாவின் முதுமை இத்தகைய தலைப்புகளில் அடங்குவதில்லை. அவர் நூல் எழுதிப் புகழ் பெறவில்லை; அவர் செய்தவற்றுக்கு முதற்பதிப்பும் இல்லை, திருத்திய பதிப்பும் இல்லை. ஆனால் அவரிடம் படித்த சிறுமியர் தாயராயினர். அவர்கள் தம் பெண்மக்களை அதே விடுதிக்கு அழைத்து வந்தபோது, பள்ளிக்கு எதற்கு என்னும் பழைய கேள்வியை அவர்கள் எழுப்பியிருக்க மாட்டார்கள். மகள் இசபெல்லா, வயட் என்னும் குருவை மணந்து, தாயைப் போலவே பெண்கல்விப் பணியில் ஈடுபட்டார். கால்டுவெல்லின் வாழ்க்கை நினைவுகளைத் தொகுத்து 1894ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அந்த மருமகனே. நாற்பது ஆண்டுகள் ஒரு பள்ளியை நடத்திய மாமியாரின் நினைவுகளையும் யாரேனும் கேட்டு எழுதி வைத்திருந்தால், அச்சிற்றூரின் மறுபாதி வரலாறு நமக்குக் கிடைத்திருக்கும்.

1883ஆம் ஆண்டு பேராயரின் இருப்பிடம் தூத்துக்குடிக்கு மாறியது. அங்கே அவர் பெயரில் கல்லூரி நடந்தது. கடல் வாணிகத்தால் வளர்ந்துகொண்டிருந்த துறைமுக நகரம் அது. இருபது வயதைத் தாண்டியதும் வந்து குடியேறிய மணல் வீட்டை, அறுபது வயதைக் கடந்தபின் எலைசா விட்டுப் பிரிந்தார். நட்ட மரங்கள் நிழல் தரத் தொடங்கி நெடுங்காலமாகியிருந்தது.

உடல் மேலும் தளர்ந்தபோது, 1891ஆம் ஆண்டு தொடக்கத்தில் கால்டுவெல் பொறுப்பிலிருந்து விலகினார். கோடைக்காலங்களில் உடல்நலம் நாடிச் சென்று தங்கிய கொடைக்கானலே அவருடைய இறுதி இருப்பிடமாயிற்று. குளிர்ந்த மலைக்காற்றில், சோலைகளின் நடுவே, அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அவர் மறைந்தார். அங்கேயே அடக்கம் செய்திருப்பின் அது எளிதாக இருந்திருக்கும். ஆயினும் மலையிலிருந்து உடலைக் கீழே கொண்டுவந்து, சமவெளி கடந்து, பனங்காடுகளின் வழியே இடையன்குடிக்கே எடுத்துச் சென்றனர். முப்பத்து மூன்று ஆண்டுகள் கட்டிய ஆலயத்தில், பலிபீடத்தின் கீழ் அவரை அடக்கம் செய்தனர்.

எலைசா மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1899ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அவர் மறைந்தார். பனையேறும் பருவம் இன்னும் முடிந்திராத மாதம் அது. மேல்காற்று தொடங்கி, தெருக்களில் மணல் பறக்கும் மாதம். கணவர் துயிலும் இடையன்குடியிலேயே அவரையும் அடக்கம் செய்தனர். அவர்கள் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு இப்போது நினைவில்லமாகப் பேணி வருகிறது.